செய்தி சேர்ந்தது, விளங்கியதா? படைக் கட்டளைத் தொடர்பை சிமுலேஷன் செய்வது பற்றி ஒரு கேள்வி

#1 பாலைப்பழம் (அறிவியல் நகர், கிளிநொச்சி)

வணக்கம். இங்கே வோக்கி (வோக்கிடோக்கி), ரேடியோ வேலை செய்தவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

பொறியியல் இறுதியாண்டு. எனக்குக் கிடைத்த செயற்றிட்டம், படை நடவடிக்கை ஒன்றில் கட்டளை மேலிருந்து கீழே போவதையும் அறிக்கை கீழிருந்து மேலே வருவதையும் கணினியில் ஓட்டிப் பார்ப்பது. ஒரு தலைமையகம், 12 பிரிவுகள், எல்லோரும் ஒரே அலைவரிசையில். என்எஸ்-3 என்ற வலையமைப்புச் சிமுலேஷன் மென்பொருளில் எழுதினேன். தூரம், அதிர்வெண், அனுப்பும் வலு எல்லாம் கொடுத்தேன். ஓட்டினால் நூற்றுக்கு 98 செய்தி போய்ச் சேர்கிறது. சராசரித் தாமதம் ஒரு செக்கன்கூட இல்லை. வரைபு படம் மாதிரி வந்திருக்கிறது.

நேற்று மேற்பார்வையாளரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உங்கள் படை ஒரு நாளும் பிழை விடாதா?” என்று மட்டும் கேட்டார். பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

இரவு முழுக்க யோசித்தேன். பிழை வருவதற்கு என்ன சேர்க்க வேண்டும்? இரைச்சலைக் கூட்டுவதா? செய்திகளை எழுந்தமானமாகத் தொலைப்பதா?

#2 வடக்குவாய்க்கால் (ஸ்காபரோ)

தம்பி, ஒரு கேள்வி. உங்கள் கோடில் (கணினி நிரலில்), மூன்றாம் பிரிவு எங்கே நிற்கிறது என்பதைத் தளபதி எங்கிருந்து தெரிந்துகொள்கிறார்? அந்தப் பிரிவு அனுப்பிய செய்தியிலிருந்தா, எல்லோருடைய இடமும் இருக்கும் பொதுப் பட்டியலிலிருந்தா?

#3 பாலைப்பழம்

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி.

பொதுப் பட்டியலிலிருந்துதான். செய்தி வந்ததும் பட்டியலைத் திறந்து இடத்தைப் பார்ப்பார். எழுத இலகுவாக இருந்தது.

#4 வடக்குவாய்க்கால்

மன்னிக்க வேண்டும் தங்கச்சி. கேட்காமலே ஊகித்துவிட்டேன். உங்கள் தளபதியால் செய்ய முடியாத பிழை அதுதான்.

அவருக்கு ஞானக்கண் இருக்கிறது. வோக்கி வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்கு உண்மை தெரியும். அப்படியானால் அந்த 98 வீதம் எதற்கு? வோக்கியைக் கழற்றி எறிந்தாலும் போரில் வெல்வார்.

இந்தச் சிக்கலைக் கணினி வருவதற்கு முன்பே ஒருவர் தீர்த்தார். 1824 இல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் தகப்பன் தொடங்கிய மேசைப் போர் விளையாட்டைத் திருத்தி அமைத்தார். 1:8000 அளவு வரைபடம், ஒரு சுற்று என்பது 2 நிமிடம், நடுவில் ஒரு நடுவர். விளையாடுகிறவர் கட்டையைத் தானே நகர்த்துவதில்லை. கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார். குதிரையில் போகிறவனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் நடுவர் அதை வைத்திருந்துதான் செயற்படுத்துவார். எதிரியின் கட்டைகளில் உங்கள் ஆட்கள் காணக்கூடியது மட்டும்தான் மேசைக்கு வரும். முழு உண்மையும் நடுவருக்கு மட்டும் தெரியும்.

உங்கள் கோடில் இல்லாதது அந்த நடுவர். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக ஒரு நினைவேடு வையுங்கள். “எனக்குத் தெரிந்தவரை மூன்றாம் பிரிவு இந்த இடத்தில், இத்தனை மணிக்கு நின்றது.” அந்த ஏட்டை மாற்றும் உரிமை செய்திக்கு மட்டும். உண்மைப் பட்டியலை வேறாக வையுங்கள். முடிவில் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து பாருங்கள். ஆய்வுக் கட்டுரையில் போட வேண்டிய வரைபு அதுதான்.

இன்னொன்று. 1980களில் அமெரிக்காவில் போர்த் தாங்கி (டாங்கி) ஓட்டப் பழகும் பயிற்சிக் கூண்டுகளைச் சிம்நெட் என்ற வலையால் இணைத்தார்கள். அதிலிருந்து டிஐஎஸ் என்ற தரநிலை பிறந்தது. ஒவ்வொரு வாகனமும் தன் இடத்தையும் வேகத்தையும் அனுப்பும். அடுத்த செய்தி வரும்வரை மற்றவர்கள் “அதே போக்கில்தான் போய்க்கொண்டிருக்கிறது” என்று கணக்குப் போட்டுக்கொள்வார்கள். மாற்றம் இல்லாவிட்டாலும் 5 செக்கனுக்கு ஒரு தடவை “நான் இருக்கிறேன்” என்று ஒரு செய்தி போகும். இது சிமுலேஷனை ஓட்டுகிற வலை. சிமுலேஷனுக்கு உள்ளே படைவீரன் பிடித்திருக்கும் ரேடியோ வேறு, அதற்கு டிஐஎஸ்ஸில் தனிச் செய்தி வகைகளே இருக்கின்றன. இந்த இரண்டையும் குழப்புகிறவர்களை வேலைத்தளத்தில் வாரத்துக்கு ஒருவராவது காண்கிறேன்.

#5 பழைய ஒப்பரேற்றர் (கிளிநொச்சி)

பிள்ளை, எனக்கு என்எஸ் தெரியாது. வோக்கி தெரியும். ஏதாவது ஒரு செட்டைக் காதில் வைத்தபடி பாதி ஆயுள் போய்விட்டது.

ஒரு வரட்சிக் காலம். தண்ணீர் பவுசர்களை ஊர் ஊராக அனுப்பும் வேலை எனக்கு. எந்த இடத்து வேலை என்பது வேண்டாம். விடிய ஆறரைக்கு ஒரு டிரைவரைக் கூப்பிட்டு “புதுமுறிப்புக்குப் போங்கோ” என்றேன். பொத்தானை அமத்தியதும் வாயைத் திறந்ததும் ஒன்றாக நடந்துவிட்டது. இடையில் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீற்றர் வேறு, அது கண் விழிக்கவும் அரைச் செக்கன் வேண்டும். அவருக்குக் கேட்டது “...முறிப்புக்குப் போங்கோ”. முதல் நாள் முழுக்க அவர் ஓடியது ஒட்டுசுட்டான் பக்கம். அவருடைய தலையில் முறிப்பு என்றால் தண்ணிமுறிப்பு. “சரி” என்றார். நானும் “சரி” என்றேன். எவ்வளவு சுத்தமான தொடர்பு! இரைச்சலே இல்லை.

பத்து மணிக்குப் போன் வருகிறது. “அண்ணை, இங்கே குளம் இருக்குது, சனத்தைக் காணேல்லை.”

வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். புதுமுறிப்பு கிளிநொச்சியில். தண்ணிமுறிப்பு முல்லைத்தீவு மாவட்டத்தில், குமுழமுனைக்கு அப்பால் காட்டோரம். இரண்டும் பெயர்பெற்ற குளங்கள். வன்னியில் குளத்தைச் சொல்லாமல் ஊரைச் சொல்ல முடியாது, பாதிப் பெயர் குளம், மடு, முறிப்பு என்றுதான் முடியும். வித்தியாசமெல்லாம் பெயரின் முன்பாதியில். வோக்கி தின்பதும் முன்பாதியைத்தான்.

இந்தச் செய்தி உங்கள் கணக்கில் எங்கே விழும்? சேர்ந்த 98 இலா, சேராத 2 இலா?

#6 முறிகண்டிப்பயணி

தண்ணிமுறிப்புக்குத் தண்ணீர் கொண்டு போனவர் என்று அந்த மனிசனுக்குப் பட்டம் விழுந்திருக்குமே ஐயா.

#7 பழைய ஒப்பரேற்றர்

விழுந்தது. இன்னும் கழரவில்லை.

#8 பாலைப்பழம்

ஐயா, அது 98 இல்தான் விழும். அதுவும் தாமதமே இல்லாத செய்தியாக. இதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது.

அப்படியானால் ஒரே வழி, கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்படித்தானே? “புதுமுறிப்புக்குப் போகிறேன்” என்று அவர் சொல்லியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். எல்லாச் செய்திக்கும் திருப்பிச் சொல்லலைக் கட்டாயமாக்கி ஓட்டிப் பார்க்கிறேன்.

#9 கணக்குமாஸ்டர் (வவுனியா)

ஓட்டுவதற்கு முன் ஒரு கடதாசியை எடுங்கள்.

12 பிரிவு. ஒவ்வொன்றும் 4 நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்புகிறது என்று வைப்போம். ஒரு செய்தி சொல்லி முடிக்க 15 செக்கன். 12 பெருக்கல் 15, 180 செக்கன். கிடைப்பது 240 செக்கன். அலைவரிசை முக்கால்வாசி நேரம் பேச்சில் இருக்கிறது. எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, தன் முறை வரச் சராசரியாக 45 செக்கன் காத்திருக்க வேண்டும். பரவாயில்லை.

இப்போது திருப்பிச் சொல்லலுக்கு 3 செக்கன் கூட்டுங்கள். செய்திக்கு 18 செக்கன். பயன்பாடு, அதாவது அலைவரிசை பேச்சில் இருக்கும் பங்கு, 0.9. காத்திருப்பு 162 செக்கன், அதாவது 2 நிமிடம் 42 செக்கன். செய்தி நீண்டது ஐந்தில் ஒரு பங்குதான், காத்திருப்போ மூன்றரை மடங்குக்கு மேல்.

ஆட்கள் ஆறுதலாகப் பேசி, ஒரு செய்திக்கு 20 செக்கன் பிடித்தால் 240க்கு 240. வரிசை முடிவே இல்லாமல் நீளும். வலை செத்துவிட்டது. கொன்றது எதிரியல்ல, உங்கள் பாதுகாப்பு விதி.

இதுவும் எல்லோரும் பாங்கில் நிற்பது மாதிரி ஒழுங்காக வரிசையில் நின்றால்தான். வோக்கியில் யார் வரிசையில் நிற்கிறார்கள்? அடுத்தவர் பேசுவது கேட்காத இடத்திலிருந்து இருவர் ஒன்றாக அமத்தினால் இரண்டும் நாசம். 1970களின் தொடக்கத்தில் ஹவாயில் ஏப்ரம்சன் என்பவர் அலோகா என்ற ரேடியோ வலையை அமைத்தார். அவரவர் நினைத்தபோது அனுப்பலாம் என்று விட்டால், மோதல் போக அலைவரிசையில் அதிகபட்சம் 18.4 வீதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கில் வருகிறது. பொறுமை இழந்த படைப்பிரிவுகள் அந்தப் பக்கம்தான் சாய்வார்கள்.

#10 சுண்டிக்குளம்

மன்னியுங்கள், எனக்கு இந்த இழையே ஒரு மாதிரி இருக்கிறது. வன்னியில் இருந்துகொண்டு “படைப்பிரிவு”, “தளபதி”, “கட்டளை” என்று விளையாட்டுப் போலப் பேசுகிறோம். இந்தச் சொற்களைக் கேட்டால் இன்னும் நித்திரை வராதவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். செய்ய வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?

#11 நெறியாளர்

சுண்டிக்குளம் சொல்வது நியாயமான மனவருத்தம், அது இருக்கட்டும். ஆனால் இங்கே நடந்த போரின் எந்தச் சம்பவத்தையும் எந்தத் தரப்பையும் உதாரணத்துக்கு எடுக்க வேண்டாம். அந்த விவாதத்துக்கு இந்த இழை தாங்காது.

#12 பாலைப்பழம்

அண்ணா, கோபமில்லை. 2009 இல் எனக்கு எட்டு வயது. நானும் அந்தப் பக்கத்தால் வந்தவள்தான். எனக்கும் அந்தச் சொற்கள் பிடிப்பதில்லை.

படைத்துறையை எடுத்ததற்குக் காரணம், அவர்கள்தான் தங்கள் பிழைகளை 200 வருடமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீடு கண்டாவளைப் பக்கம். இரவு மூன்று விதமாகக் கதை வந்தது. “குளத்து வான் கதவு திறக்கப் போகினமாம்”, “திறந்திட்டினமாம்”, “கட்டு உடைஞ்சிட்டுதாம்”. மூன்றையும் சொன்னது எங்கள் ஆட்களேதான், ஒருவரும் பொய் சொல்லவில்லை. அம்மா மூன்றாவதை நம்பி எங்களை இருட்டில் இழுத்துக்கொண்டு ஓடினா. இரண்டாவதை நம்பிய பக்கத்து வீட்டார் சாமானெல்லாம் ஒழுங்காக உயர்த்தி வைத்துவிட்டு ஆறுதலாக வந்தார்கள்.

ஒரு கட்டளை எத்தனை வாய் தாண்டும்போது என்னவாக மாறும் என்று பார்க்க வேண்டும். முதலில் படைக்குச் செய்து பார்த்துவிட்டு, அடுத்ததாகக் கிராம அலுவலர், பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்), குளத்துக் கட்டு என்று பெயர்களை மாற்றலாம். வடிவம் ஒன்றுதான்.

#13 சுண்டிக்குளம்

சரி தங்கச்சி. அதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் அம்மம்மாவுக்குச் செஞ்சிலுவைக் கடிதம் வரும். பிரிந்த குடும்பத்தாருக்காக அவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் கடிதம். மாமா எழுதியது வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். “நாங்கள் எல்லோரும் சுகம்” என்று இருக்கும். அம்மம்மா அதை வாசித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவா. அவர் சுகமாக இருந்தது எழுதிய அன்றைக்கு. சாப்பிட்டது இன்றைக்கு. அந்த இடைவெளிக்கு உங்கள் கோடில் ஒரு இடம் இருக்கிறதா?

#14 வடக்குவாய்க்கால்

இருக்கிறது அண்ணா, பெயரும் இருக்கிறது: தகவலின் வயது. தாமதம் என்பது செய்தி வழியில் செலவழித்த நேரம். வயது என்பது, கையில் இருக்கும் கடைசிச் செய்தி எழுதப்பட்டு இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. அடுத்த கடிதம் வரும்வரை அது ஏறிக்கொண்டே போகும்.

2012 இல் கௌல், யேட்ஸ், குருடெசர் என்ற மூவர் இதைக் கணக்காக்கினார்கள். முடிவு கொஞ்சம் வேடிக்கை. அடிக்கடி அறிக்கை அனுப்பினால் தகவல் புதிதாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? வந்த ஒழுங்கிலேயே கவனிக்கும் வரிசையில், ஓர் எல்லைக்கு மேல் அனுப்பினால் தகவல் இன்னும் பழசாகும், ஏனென்றால் புதிய செய்தி பழைய செய்திகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். மாஸ்டர் போட்ட மாதிரியான எளிய வரிசையில் மிகக் குறைந்த வயது கிடைப்பது பயன்பாடு 0.53 அளவில். அலைவரிசையில் பாதிக்குக் கிட்டச் சும்மா கிடக்க வேண்டும்! எந்தத் தலைமையகம் இதைச் சகித்துக்கொள்ளும்? சும்மா கிடக்கும் வலையைக் கண்டால் “நிலைமை அறிக்கை அனுப்பு” என்று கேட்கத்தான் கை போகும்.

பாலைப்பழம், தாமத வரைபை எடுத்துவிட்டு வயது வரைபைப் போடுங்கள்.

#15 முகமாலைக்காரி

இந்த இழையை முந்தநாள் முதல் வாசிக்கிறேன். நான் மிதிவெடி அகற்றும் வேலையில் பல வருடம் இருந்தவள், கடைசி மூன்று வருடம் குழுத் தலைவியாக. எங்கள் தளத்தில் ஒரு விதி இருந்தது. வோக்கித் தொடர்பு இல்லையா, வேலை இல்லை. ஊசி போடுவதுபோலக் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பவளும் எழும்பி, வந்த பாதையாலேயே திரும்பிப் போய் உட்கார வேண்டும். ஒருவரும் கட்டளை கொடுக்கத் தேவையில்லை. சத்தம் இல்லாததே கட்டளை.

தங்கச்சியின் சிமுலேஷனில் செய்தி வராத பிரிவு என்ன செய்யும்? நின்ற இடத்தில் நிற்குமா, கடைசிக் கட்டளையைத் தொடருமா, பின்வாங்குமா? அதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்தி தொலைவது பெரிய விசயமில்லை. தொலைந்தால் என்ன செய்வது என்று இரண்டு பக்கமும் வேறு வேறாக நினைத்திருப்பதுதான் ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காயப்பட்டவரைக் கொண்டு போகும் பயிற்சி அடிக்கடி நடக்கும். ஒருத்தி காயப்பட்டதாக நடிப்பாள், மற்றவர்கள் தூக்குபடுக்கையுடன் ஓட வேண்டும், நான் வோக்கியில் அறிவிக்க வேண்டும். ஒரு பயிற்சியில் நான் அறிவித்து முடித்த கையோடு மேலிருந்து கேள்வி: எத்தனை பேர்? எந்தக் கால்? நினைவு இருக்கிறதா? மருத்துவர் வந்தாரா? வாகனம் எங்கே? ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டார்கள். பதில் சொல்லிக்கொண்டு நின்றதில் தூக்குபடுக்கை வந்ததை நான் காணவில்லை. “காயப்பட்டவள்” தானே எழும்பி உட்கார்ந்து, “அக்கா, நான் செத்துப் போனேன்” என்றாள். சிரித்தோம், பிறகு சிரிப்பு வரவில்லை.

வோக்கி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. நெரிசல் என் தலைக்குள்ளே.

#16 கணக்குமாஸ்டர்

முகமாலைத் தங்கச்சி சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. 12 பிரிவு, 4 நிமிடத்துக்கு ஒன்று, அப்படியானால் தளபதியிடம் நிமிடத்துக்கு 3 செய்தி. ஒன்றைக் கேட்டு, படத்தில் குறித்து, என்ன செய்வது என்று யோசிக்க 40 செக்கன் என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்றரைதான் முடியும். அரை மணியில் 45 செய்தி தேங்கும். வலையை எவ்வளவு வேகமாக்கினாலும் இந்த 45 குறையாது. கண்ணாடி இழை போட்டாலும் குறையாது.

நடுவில் ஓர் உதவியாளரை வைத்து மூன்றில் ஒன்றை மட்டும் உள்ளே விட்டால் நிமிடத்துக்கு ஒன்று, காத்திருப்பு 80 செக்கன். தாங்கலாம். ஆனால் வெளியே நிறுத்திய இரண்டில் எது முக்கியமானது என்பது உதவியாளரின் கெட்டித்தனம். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

#17 காட்டுப்பாதை (நெட்டாங்கண்டல்)

நீங்கள் எல்லோரும் தலைக்குள் போய்விட்டீர்கள். அலை காட்டுக்குள் போவதை யாரும் பார்க்கவில்லை. பாலைப்பழம் வெற்றுவெளிச் சூத்திரம்தான் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இங்கே பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காட்டில் வெற்றுவெளி எங்கே இருக்கிறது? 1982 இல் வைஸ்பேகர் கொடுத்த சூத்திரம் ஒன்று உண்டு, 230 மெகாஹேர்ட்ஸுக்கு மேல், 400 மீற்றர் இலைக்காடு வரை செல்லும். 430 மெகாஹேர்ட்ஸில் 400 மீற்றர் காட்டைக் கடந்தால் கிட்டத்தட்ட 35 டெசிபெல் போய்விடும். அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்கு வலுதான் மறுபக்கம் வரும். இது நனையாத இலைக்கு. மாரி மழையில் நனைந்த இலைக்கு இன்னும் மோசம்.

நிலம் தட்டை என்பதும் உதவி இல்லை. இரண்டு பேரும் ஒன்றரை மீற்றர் உயரத்தில் பிடித்தால் ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்காமல் அலை போகும் தூரம், 10 கிலோமீற்றர், அதுவும் வெறும் வெளியில். ஒருவர் 10 மீற்றர் கம்பத்தில் ஏற்றினால் 18. இங்கே மலை இல்லை, குளக்கட்டுத்தான் மலை. தேன் எடுக்கப் போகிறவன்கூடக் கதைக்க வேண்டுமென்றால் கட்டில் ஏறித்தான் கதைப்பான்.

#18 பாலைப்பழம்

காட்டுப்பாதை அண்ணா, பிடித்துவிட்டீர்கள், வெற்றுவெளிதான். மாற்றுகிறேன்.

இப்போது என் பட்டியல் பயங்கரமாக நீண்டுவிட்டது. நினைவேடு, முன்பாதி வெட்டு, திருப்பிச் சொல்லல், தலைக்குள் தேங்கும் வரிசை, மௌன விதி, காடு. இன்னும் ஒரு சந்தேகம். திருப்பிச் சொன்னது சரிதான் என்று நான் திருப்பிச் சொல்ல வேண்டாமா? அது அவருக்குக் கேட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

#19 வடக்குவாய்க்கால்

தெரியாது. ஒருநாளும் தெரியாது. இரண்டு தளபதிகள் புதிர் என்று 1970களிலிருந்து சொல்லிவருகிறார்கள். தொலையக்கூடிய வழியால் எத்தனை “சரி” அனுப்பினாலும் கடைசிச் “சரி” சேர்ந்ததா என்ற சந்தேகம் எஞ்சும். முடிவுள்ள எந்த எண்ணிக்கையும் போதாது என்று நிறுவியிருக்கிறார்கள். ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். மிச்சத்துக்குத்தான் அக்கா சொன்ன மௌன விதி.

#20 கணக்குமாஸ்டர்

நான் கொஞ்சம் குறுக்கே நிற்கப்போகிறேன். தலை, விளக்கம், பயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைச் சேர்த்துக்கொண்டே போனால் அந்த எண்களை நாங்கள்தான் வைக்கப்போகிறோம். 40 செக்கன் என்று நான் எழுதியது என் வாயிலிருந்து வந்தது. 60 என்று வைத்தால் வேறு முடிவு. போதுமான திருகாணி இருந்தால் எந்த வரைபையும் வரவழைக்கலாம். பழைய 98 வீதம் குறைந்தபட்சம் பௌதிகத்தில் நின்றது.

#21 வடக்குவாய்க்கால்

மாஸ்டர், மனிதரை விட்டுவிடுவதும் ஒரு எண் வைப்பதுதான். 0 செக்கன் என்று வைக்கிறீர்கள். அது 40ஐ விடப் பிழை.

1854 அக்டோபர் 25, கிரிமியப் போரில் பாலக்லாவாச் சண்டை. பிரித்தானியத் தளபதி ராக்லன் பிரபு குன்றின் மேலே நிற்கிறார், கீழே பள்ளத்தாக்கில் குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபு. “எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோக விடாதே” என்ற கருத்தில் எழுத்துக் கட்டளை. நோலன் என்ற கப்டன் குதிரையில் விரைவாகக் கொண்டுவந்து கொடுத்தார். கடதாசி கிழியவில்லை, எழுத்து அழியவில்லை, ஒரு சொல்லும் தொலையவில்லை. மேலிருந்து பார்த்தவருக்கு எந்தப் பீரங்கி என்பது தெளிவு. கீழே நின்றவருக்கு அவை கண்ணில் படவே இல்லை, கண்ட பீரங்கிகள் பள்ளத்தாக்கின் மறுமுனையில். ஏறக்குறைய 670 குதிரைவீரர் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள்.

1994 ஏப்ரல் 14, வட ஈராக். அமெரிக்காவின் இரண்டு எஃப்-15 விமானங்கள் அமெரிக்காவின் இரண்டு பிளாக் ஹோக் ஹெலிகொப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். வான்கண்காணிப்பு விமானம் ஒன்று மேலே பறந்துகொண்டிருந்தது. ரேடியோக்கள் நல்லாகவே வேலை செய்தன, ஆனால் ஹெலிகொப்டர்களும் போர் விமானங்களும் வேறு வேறு அலைவரிசையில்.

இந்த இரண்டையும் பழைய என்எஸ்-3 கோடில் ஓட்டினால் நூற்றுக்கு நூறு வெற்றி என்று வரும்.

#22 கணக்குமாஸ்டர்

இரண்டாவதை ஒத்துக்கொள்கிறேன், அலைவரிசை ஒதுக்கீடு என்பது அளக்கக்கூடிய சங்கதி. முதலாவதை எப்படி மாதிரியாக்குவீர்கள்? “பிரபுவின் கோபம்” என்று ஒரு மாறியா?

#23 வடக்குவாய்க்கால்

கோபம் வேண்டாம். கண்ணில் படும் எல்லை போதும். கட்டளையில் “பீரங்கி” என்ற சொல் வருகிறது. வாங்குகிறவர் தன் நினைவேட்டில் இருக்கும் பீரங்கிகளில் ஒன்றைத்தான் அதற்குப் பொருத்துவார். ஏட்டில் ஒன்றுதான் இருந்தால் அதுதான். ஒப்பரேற்றர் ஐயாவின் டிரைவருக்கும் அதேதான் நடந்தது. “முறிப்பு” வந்தது, ஏட்டில் மேலே கிடந்தது தண்ணிமுறிப்பு. நாலு வரிக் கோட்.

#24 கணக்குமாஸ்டர்

...அது நல்லாயிருக்கிறது. ஆனாலும் பெயரின் முன்பாதி வெட்டுப்படும் நிகழ்தகவை யாராவது அளக்க வேண்டும். வாயால் சொன்ன எண் வேண்டாம்.

#25 முறிகண்டிப்பயணி

2002 இல் அமெரிக்கா நடத்திய பெரிய போர்ப் பயிற்சியில் எதிரிப் படையாக நடித்த வான் ரைப்பர் என்ற ஓய்வுபெற்ற ஜெனரல், ரேடியோவே வேண்டாம் என்று மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார் என்று வாசித்திருக்கிறேன். சிமுலேஷனில் 16 கப்பல் தாண்டது. பிறகு கப்பல்களை மிதக்க வைத்து விளையாட்டைத் திரும்பத் தொடங்கினார்களாம். பாலைப்பழத்தின் கோடில் மோட்டார் சைக்கிளுக்கு வழி வையுங்கள். மல்லாவியிலிருந்து மாங்குளத்துக்கு நான் ஓடித் தருகிறேன்.

#26 பாலைப்பழம்

நாலு நாள் கழித்து வருகிறேன். நினைவேட்டைப் பிரித்து எழுதினேன். ஞானக்கண் போய்விட்டது. அதே வலை, அதே 12 பிரிவு, காட்டுச் சூத்திரம் இன்னும் சேர்க்கவில்லை. சேர்ந்த செய்தி அதே 98 வீதம்தான். ஆனால் தளபதியின் படத்துக்கும் உண்மைக்கும் இருக்கும் வித்தியாசம் அரை மணிக்குப் பிறகு ஏறத் தொடங்கி இறங்கவே இல்லை. அறிக்கையை 8 நிமிடத்துக்கு ஒன்றாக்கி, திருப்பிச் சொல்லலை வைத்தபடி, உதவியாளரையும் சேர்த்து ஓட்டினேன். பயன்பாடு 0.45. வித்தியாசம் ஓர் அளவில் நின்றுவிட்டது. பாதிச் செய்தி, நல்ல படம். மேற்பார்வையாளர் இந்தத் தடவை தேநீர் குடிக்கப் போகவில்லை. “வெட்டு நிகழ்தகவு 0.1 என்பது எங்கிருந்து?” என்றார். மாஸ்டரின் குரல் மாதிரியே இருந்தது.

ஐயா, உங்களிடம் பழைய செட் ஏதாவது இருக்கிறதா? நூறு ஊர்ப் பெயர்களை நாலைந்து பேரைக் கொண்டு சொல்லவைத்து, மறுபக்கம் கேட்டவர் என்ன எழுதினார் என்று எண்ணிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அனுமதி எடுக்கும் வேலையைப் பீடம் பார்த்துக்கொள்ளும்.

#27 பழைய ஒப்பரேற்றர்

என்னுடையவை எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று பிள்ளை. பீடத்தில் அனுமதியுள்ள செட் இரண்டு இருந்தால் கொண்டு வாருங்கள், அமத்துகிற கையை நான் கொண்டு வருகிறேன். பெயர்ப் பட்டியலை நான் எழுதித் தருகிறேன். புளியங்குளம், புளியம்பொக்கணை, கனகபுரம், கனகராயன்குளம் எல்லாம் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை விடிய முறிப்புக் கட்டுக்கு வாருங்கள்.

#28 பாலைப்பழம்

எந்த முறிப்பு ஐயா?

#29 பழைய ஒப்பரேற்றர்

புதுமுறிப்பு. ஏழு மணிக்கு. கட்டில் நிழல் இல்லை, தொப்பி கொண்டு வாருங்கள். செட்டுக்கு மேலதிக பற்றரியும்.

#30 முகமாலைக்காரி

நானும் வருகிறேன், கேட்டு எழுதுகிற பக்கத்துக்கு. புதுமுறிப்பு, சனி, ஏழு மணி, தொப்பி, பற்றரி.